பழைய சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் பொறியாளராக இருபது வருஷமாக வேலை செய்கிறேன். வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "சார், இப்பத்தான் சிமெண்ட் பூசினோம், மறுபடி சுவர்ல ஓதம் ஏறுது."

வைசியாள் வீதிப் பக்கம் ஒரு வீடு. தெருவை ஒட்டித் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே முற்றம், மாடியில் மட்டும் பிரெஞ்சுப் பாணியில் வளைவுச் சன்னல்கள். "எங்க மாமனார் காலத்துல சுவர் இப்படி இல்லையே தம்பி" என்றார் வீட்டுக்கார அம்மா. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்குப் பூச்சு உப்பியிருந்தது. விரலால் தட்டினால் காலிப் பானைச் சத்தம். உளியால் லேசாக நெம்பியதும் கையகலத்துக்கு சிமெண்ட் பட்டை கழன்று வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு. செங்கல்லை நகத்தால் கீறினேன், மாவாக உதிர்ந்தது. மூன்று தலைமுறை தாங்கிய செங்கல். கெடுத்தது நான்கு வருஷத்து சிமெண்ட்.

கடலோரத்தில் நிலத்தடி ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டுதான் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூச்சின் மேல்பரப்பிலேயே பூத்து உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடித்தால் போதும். சிமெண்ட் இறுக மூடிவிடுவதால் உப்பு உள்ளேயே படிகமாகி செங்கல்லை உடைக்கிறது. வழி கிடைக்காத ஈரமோ இன்னும் மேலே ஏறிப்போகிறது.

எனக்குப் பெரிய பயம் மச்சில்தான். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய மச்சு முறையில் மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டிருப்பார்கள். மொத்தப் பாரமும் சட்டத்தின் முனைகளில். அந்த முனைகள் சுவருக்குள் இருப்பதால், சுவர் ஈரமாகவே இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த பிரெஞ்சுக் கால நகர மண்டபமான பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்த பிறகு, "எங்க வீட்டையும் இடிச்சுடலாமா?" என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. இடிக்க வேண்டாம். முதலில் சட்ட முனைகளைத் திறந்து பாருங்கள். உளுத்த சட்டத்தை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் மச்சு நிற்கும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் உப்பு விட்டுவிடுமா? காற்றிலும் நீரிலும் இருக்கிற உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். வெளியே கடல்காற்றில் நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30 என்கிற வலிமைத் தரமும், கம்பியை மூடி 45 மி.மீ. கான்கிரீட் கவரிங்கும் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை. பெயர்ந்துபோன பால்கனிகளில் நான் அளந்து பார்த்தது 15, 20 தான். உவர் போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நவீனக் கட்டடம் இந்த ஊருக்கு ஆகாது என்று சொல்லவில்லை. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி இங்கேதான் இருக்கிறது, 1930களின் இறுதியில் தொடங்கிய கான்கிரீட் வேலை. தெற்கும் வடக்கும் பார்த்த நீண்ட முகப்பு, வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும் திருப்புப் பலகைகள், வெப்பம் இறங்காதபடி கூரைக்கு மேல் இன்னொரு வளைவோட்டு அடுக்கு. முற்றமும் தாழ்வாரமும் செய்த வேலையை அந்தக் கான்கிரீட் செய்கிறது. மேற்கு வெயிலுக்கு நேராக முழுக் கண்ணாடி வைத்துவிட்டு ஏசி போடுகிறவர்கள் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும்.

அந்த அம்மா வீட்டில் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே விட்டு, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். ஊறவைத்த சுண்ணாம்போடு மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்துப் புதுப் பூச்சு. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. பூசிய கொத்தனாருக்கு அறுபத்தெட்டு வயது, அவருக்குப் பிறகு யார் என்பது எனக்குப் பெரிய கவலை. இப்போதெல்லாம் சுண்ணாம்பு வேலை எடுக்கும்போது ஒரே நிபந்தனை வைக்கிறேன்: கூடவே இளைஞர் ஒருவர் நின்று கற்க வேண்டும், அவருக்கும் முழுக் கூலி. அந்த அம்மா மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.