கேஸ்: வாயுவா, வளிமமா?

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பருப்பொருளின் மூன்று நிலைகளை நடத்திக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, எங்க வீட்டு சிலிண்டர ஆட்டினா உள்ள தண்ணி மாதிரி குலுங்குது. அப்போ அது கேஸா, தண்ணியா?"

நல்ல கேள்வி. சமையல் சிலிண்டருக்குள் இருக்கும் 14.2 கிலோவில் பெரும்பகுதி நீர்மம்தான், அதாவது திரவம். அதில் இருப்பவை புரோப்பேனும் பியூட்டேனும். சாதாரண அழுத்தத்தில் ஒன்று மைனஸ் 42 டிகிரியிலும், மற்றொன்று பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். அழுத்தி அடைத்திருப்பதால்தான் நீர்மமாக நிற்கின்றன. அடுப்பைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது, நீர்மம் உள்ளேயே கொதித்து மேலெழுகிறது. அடுப்புக்கு வருவதுதான் கேஸ்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற மருத்துவர் உருவாக்கியது. 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது. மீதி 61 பவுண்டு எங்கே போனது? கண்ணுக்குத் தெரியாமல், எந்தப் பாத்திரத்திலும் அடங்காமல் போன அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஒழுங்கற்ற பெருங்குழப்பம் என்று பொருள்படும் 'கேயாஸ்' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து, தன் ஊர் உச்சரிப்புக்கு ஏற்றபடி 'கேஸ்' என்று எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1648-இல் வெளியான அவருடைய நூல் வழியாக அது பரவியது. நம் ஊரில் 'கேஸ் வந்துடுச்சா' என்றால் சிலிண்டர், 'கேஸ் போட்டுட்டாங்க' என்றால் போலீஸ். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தமிழில் இதற்கு நெடுநாளாகப் புழங்குவது 'வாயு'. வடமொழியிலிருந்து வந்த சொல். தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் வாயு என்றாலே வயிற்றுத் தொல்லைதான் நினைவுக்கு வரும். என் தேர்வு 'வளிமம்'. திண்மையிலிருந்து திண்மம், நீர்மையிலிருந்து நீர்மம், அதே வார்ப்பில் வளிமம். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன.

வளி என்பது பழைய சொல். திருக்குறளின் மருந்து அதிகாரம் உடம்பின் வாதத்தைக்கூட 'வளி' என்றுதான் குறிக்கிறது. புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் கடலில் நாவாய் ஓட்டி வளியை வேலை வாங்கியவன் என்று பாடுகிறார். பழைய சொல்லென்றாலும் செத்த சொல் இல்லை. காசிமேட்டு மீனவர் யாரிடமும் சூறாவளி என்றால் விளக்கம் தேவைப்படாது. சும்மா கிடக்கும் காற்றை விட, வீசுகிற காற்றுக்குத்தான் இந்தச் சொல் பொருந்தி வருகிறது. அதனால்தான் இது எனக்குப் பிடித்திருக்கிறது. வளிமத்தில் ஓடாத துகள் கிடையாது.

திண்மத்தில் துகள்கள் நின்ற இடத்திலேயே அதிர்கின்றன. சூடு ஏற ஏற அதிர்வு கூடுகிறது, ஓர் அளவில் பிடி தளர்கிறது, உருகுகிறது. நீர்மத்தில் அவை தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டுக் கடைவீதிக் கூட்டம் மாதிரி ஒன்றையொன்று உரசிக்கொண்டே நகரும், கூட்டத்தை விட்டு வெளியே போக முடியாது. இந்த உருகும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பார்களை உடைத்து மீன் பெட்டிகளில் கொட்டுவார்கள். ஐஸ் மீனிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை பூஜ்யத்தை விட்டு நகராது. வாங்கிய சூடு முழுவதும் துகள்களின் பிடியை அவிழ்ப்பதில் செலவாகிவிடுகிறது. ஒரு கிலோ ஐஸ் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ தண்ணீரை ஏறக்குறைய 80 டிகிரி சூடாக்கலாம். குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றினால் மீன் தாங்காததற்குக் காரணம் இதுதான்.

வளிமத்தில் பிடியே இல்லை எனலாம். நாம் இருக்கும் அறையில் காற்றின் மூலக்கூறுகள் வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அப்படியானால் தெருமுனையில் கருவாடு வறுக்கும் வாசனை உடனே மூக்கில் ஏற வேண்டுமே? ஏறாது. ஒவ்வொரு மூலக்கூறும் வினாடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதித் திசை மாறுகிறது. ஹெல்மான்ட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனாலும் அவர் வைத்த பெயர் பொருந்திவிட்டது.

வெயில் ஏறினால் இந்த வேகம் எவ்வளவு கூடும்? 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குப் போனால், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். துகள்களின் வேகத்தைக் கணக்கிட, வெப்பநிலையை மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ண வேண்டும். அங்கிருந்து பார்த்தால் 300 என்பது 315 ஆகிறது, அவ்வளவுதான். அதிலும் வேகம் அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான் கூடும். வேகம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் 300 என்பது 1200 ஆக வேண்டும்.

'ஆவி' இன்னொரு சொல். அதை வளிமத்தோடு குழப்ப வேண்டாம். இட்லிப் பானையைத் திறந்ததும் வெள்ளையாக எழுவதை ஆவி என்கிறோம். கண்ணுக்குத் தெரிவது குளிர்ந்து திரண்ட நுண்ணிய நீர்த்துளிகள். உண்மையான நீராவிதான் வளிமம், அதற்கு நிறம் கிடையாது.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "பஜ்ஜிக் கடை சிலிண்டர் பாதி வரைக்கும் வேர்த்திருக்குண்ணா. நீர்மம் அதுவரைக்கும்தானே இருக்கு?" ஆமாம். நீர்மம் வளிமமாக மாறும்போது சிலிண்டரின் இரும்பிலிருந்துதான் சூட்டை எடுத்துக்கொள்கிறது. நீர்மம் தொட்டிருக்கும் உயரம் வரை இரும்பு குளிர்ந்து, கடற்காற்றின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படிந்திருந்தது.