சொல் விளக்கம்: கிரீன் காரிடார்

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இதயத்தையோ கல்லீரலையோ இன்னொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, ஆம்புலன்ஸ் எந்தச் சந்திப்பிலும் நிற்காமல் போகும்படி போக்குவரத்துக் காவலர்கள் வழி ஏற்படுத்தித் தருகிறார்கள். இந்தியாவில் இந்த ஏற்பாட்டைக் கிரீன் காரிடார் என்கிறோம். தமிழ்ச் செய்திகளில் இது பெரும்பாலும் 'பசுமை வழித்தடம்' என்று வருகிறது. அதில் பாதி சரி. மறுபாதியை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் காரிடார். லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடுதல். அதன் வழியாக இத்தாலியில் 'கொர்ரிதோயோ' பிறந்தது. ஓடுவதற்கான இடம் என்று பொருள். கோட்டைகளில் வீரர்கள் விரைந்து போவதற்கான பாதையை அது குறித்தது. பிறகு வீட்டில் அறைகளுக்கு நடுவே போகும் நடைக்குப் பெயரானது. அப்புறம் வீட்டை விட்டு வெளியே வந்து, ஒரு நாட்டைக் கடலோடு இணைக்கும் குறுகிய நிலப்பகுதிக்கும் விமானங்கள் பறக்கும் வான்வழிக்கும் ஆகிவந்தது. 1948-49இல் பெர்லின் முற்றுகையின்போது நகரத்துக்கு உணவும் நிலக்கரியும் போய்ச் சேர்ந்த வான்வழிகளையும் காரிடார் என்றே சொன்னார்கள். கூரியர் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, விரைவு இந்தச் சொல்லுக்குப் பிறவிக் குணம்.

வீட்டுக்குள் இருக்கும் காரிடாருக்குத் தமிழில் இடைகழி என்ற பழைய சொல் உண்டு. பேச்சில் தேய்ந்து ரேழி ஆனது அதுதான். திருக்கோவலூரில் முதலாழ்வார்கள் மூவரும் மழைக்கு ஒதுங்கியது ஓர் இடைகழியில். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுக்குத்தான் அங்கே இடம். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது ஒதுங்கி நிற்கும் இடம். சாலையில் விரையும் ஆம்புலன்சுக்குப் பொருந்தாது. வழித்தடம் நன்றாகப் பொருந்துகிறது. தடம் என்றால் சுவடு, போய்ப் போய்ப் படிந்த பாதை. 'இந்தப் பேருந்தின் தடம் எண் என்ன' என்று கேட்கிறோமே, அதே தடம். இன்ன இடத்திலிருந்து இன்ன இடத்துக்கு, இன்ன சாலைகள் வழியாக என்று முன்கூட்டியே வகுத்த பாதையை அது சரியாகக் குறிக்கிறது. இதை விட்டுவிட வேண்டியதில்லை.

சிக்கல் பசுமையில்தான். கிரீன் என்பது இங்கே சிக்னல் விளக்கின் பச்சை. பசுமை என்றால் இன்றைய தமிழில் மரம், காடு, சுற்றுச்சூழல் என்று மனம் போகிறது: பசுமைப் புரட்சி, பசுமைப் பட்டாசு, பசுமைத் தீர்ப்பாயம். யானை வழித்தடம் என்பதும் செய்திகளில் அடிக்கடி வருகிறது. அந்தப் பக்கத்திலேயே பசுமை வழித்தடம் என்று படிப்பவர், காட்டு விலங்குகள் கடந்துபோக விட்ட இடம் என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. சென்னையில் அமைச்சர்கள் குடியிருக்கும் சாலைக்கே பசுமைவழிச் சாலை என்றுதான் பெயர்.

சரி, பச்சை வழித்தடம் என்று வைக்கலாமா? பச்சைக்கொடி காட்டுவது நம் பேச்சில் ஊறிய வழக்கு, கேட்டவுடன் பொருள் விளங்கும். ஆனால் சென்னை மெட்ரோவில் ஒரு பாதைக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நிறத்தை விட்டுவிட்டு, அந்த நிறம் செய்யும் வேலையைச் சொன்னால் என்ன? தடையில்லாச் சான்று, தடையில்லா மின்சாரம் என்று எழுதிப் பழகிய நமக்கு 'தடையில்லா வழித்தடம்' எளிதாக வாயில் வரும். என் பரிந்துரை இதுதான்.

ஏன் தடை கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொடையாளரின் உடலில் ரத்த ஓட்டத்தை நிறுத்திய கணத்தில் கடிகாரம் தொடங்குகிறது. உறுப்புக்குள் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலைச் செலுத்தி, கிருமி நீக்கிய பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கிறார்கள். பனிக்கட்டி நேராக மேலே படக் கூடாது, திசு உறைந்து கெட்டுவிடும். இப்படி வைத்தால் இதயம் ஏறத்தாழ 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். நுரையீரல் 6 முதல் 8 மணி, கல்லீரல் 12 மணி வரை, சிறுநீரகம் ஒரு நாளும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். பெறுபவரின் உடலில் இதயத்தைத் தைத்து, மறுபடி ரத்தம் பாயவிடும் நேரமும் அந்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும். பயணத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

2008 செப்டம்பரில் சென்னையில் 15 வயதுச் சிறுவன் ஒருவனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. மகனை இழந்த நேரத்தில் அந்த முடிவை எடுத்தவர்கள் அவனுடைய பெற்றோர், இருவரும் மருத்துவர்கள். உறுப்புக் கொடை பற்றித் தமிழ்நாடு வீட்டுக்கு வீடு பேசத் தொடங்கியது அவர்களால்தான் என்று நான் நம்புகிறேன். 2014 ஜூனில் சென்னை அரசு பொது மருத்துவமனையிலிருந்து அடையாறுக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டரை 14 நிமிடத்துக்குள் கடந்து இன்னொரு இதயம் போனது. நாடு முழுதும் பேசப்பட்ட அந்தச் செய்திகளில் கிரீன் காரிடார் என்ற பெயரும் இருந்தது.

இதற்காகச் சாலையை மணிக்கணக்கில் மூடிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆம்புலன்ஸ் எங்கே வருகிறது என்பதைக் கட்டுப்பாட்டு அறை ஒவ்வொரு சந்திப்புக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நெருங்கும்போது மட்டும் மற்றப் பக்க வண்டிகளை நிறுத்துவார்கள், கடந்ததும் விட்டுவிடுவார்கள். முன்னால் ஒரு காவல் வாகனம் வழிகாட்டிப் போகும். வெளியூர் என்றால், விமானம் நிற்கும் இடத்துக்கே ஆம்புலன்ஸை விடுவதும் இந்த ஏற்பாட்டில் சேரும்.

சொல்லின் எல்லையும் விரிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் ஒரு இதயம் நாகோலிலிருந்து ஜூபிலி ஹில்ஸுக்கு மெட்ரோ ரயிலில், நடுவில் எங்கும் நிற்காமல் போனது. அதே ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் டேங்கர்களை ஏற்றிச்சென்ற ரயில்களுக்கு வழிவிட்டதையும் ரயில்வே கிரீன் காரிடார் என்றே சொன்னது. இந்த இரண்டையும் பசுமை என்று எழுதினால் பொருள் ஒட்டாது. தடையில்லா வழித்தடம் என்றால் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் வானத்துக்கும் ஒரே சொல் போதும்.