கைப்பழக்கம் படியும் நேரம்

இரவு ஒரு மணி வரை படிப்பு, விடிகாலை ஐந்து மணிக்கு மைதானம். கல்லூரி அணியில் ஆடும் பிள்ளைகள் பலருக்கு இதுதான் அன்றாடம். படிப்பு, ஆட்டம் இரண்டையும் விடக்கூடாதென்று அவர்கள் கைவைப்பது தூக்கத்தில். ஆனால் படித்ததும் பழகியதும் மூளையில் ஊன்றுவது அந்தத் தூக்கத்தில்தான்.

பகலில் படித்த பாடத்தை மூளை முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறு பகுதியின் உதவியோடு பிடித்துவைக்கிறது. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். அப்போது அங்குள்ள நரம்புச் செல்கள் பகலில் துடித்த அதே வரிசையில் மீண்டும் துடித்து, பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் வெளி அடுக்கான புறணிக்குக் கடத்துகின்றன. தசையைப் பழுதுபார்க்க உதவும் வளர்ச்சி ஹார்மோனும் இந்த நேரத்தில்தான் அதிகம் சுரக்கிறது.

கைப்பழக்கத்தின் கதை வேறு. அதற்குப் பின்னிரவுத் தூக்கமும் வேண்டும். 'ஸ்பிண்டில்' எனப்படும் குறுகிய மூளை அலைகள் எழும், அவ்வளவு ஆழமில்லாத இரண்டாம் கட்டத் தூக்கம் விடியலை ஒட்டிய நேரத்தில் நிறைய வரும். விரல்களால் ஒரே வரிசையைத் தட்டிப் பழகும் சோதனையில், அந்தக் கடைசி நேரத் தூக்கம் கூடக்கூட மறுநாள் வேகமும் கூடியது. நாலரை மணி அலாரம் வெட்டுவது சரியாக இந்தத் துண்டை! நேற்று மாலை நூறு தடவை எறிந்து பழகிய பந்து கையில் படிவதற்குள் எழுந்து, மறுபடி எறியப் போகிறோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் செரி மாவின் குழுவினர் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கூடைப்பந்து அணி மாணவர்கள் 11 பேர், 5 முதல் 7 வாரம், தினமும் குறைந்தது 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றார்கள். அசல் தூக்கம் 6 மணி 40 நிமிடத்திலிருந்து ஏறக்குறைய எட்டரை மணி நேரமானது. 282 அடி ஓட்டம் 16.2 விநாடியிலிருந்து 15.5க்கு இறங்கியது. யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் 'ஃப்ரீ த்ரோ' பத்தில் சராசரியாக 7.9 விழுந்த இடத்தில் 8.8 விழுந்தது. ஆட்கள் குறைவு, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. என்றாலும் ஏற்கெனவே தேறிய ஆட்டக்காரர்களிடம் இந்த முன்னேற்றம் சின்ன விஷயமல்ல.

இருபது வயதில் உடல் கடிகாரமே கொஞ்சம் பிந்தி ஓடும். பத்து மணிக்குப் படு என்றால் கண் மூடாது. அதனால் பயிற்சியாளர்கள் தேர்வு வாரத்திலாவது காலைப் பயிற்சியை ஆறரைக்குத் தள்ளித் தர வேண்டும். அதற்கும் வழியில்லாத நாளில் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். ஸ்பிண்டில் அலைகள் அந்தத் தூக்கத்திலும் வரும்.