‘ஃபெடரல் ஜட்ஜ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்கச் செய்தியைத் தமிழில் எழுதும்போது இடறுகிற சொல் இது. ‘கூட்டாட்சி நீதிபதி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படிப்பவரோ, கூட்டாட்சித் தகராறுகளை மட்டும் விசாரிப்பவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

வேர் லத்தீன். அதில் உடன்படிக்கை என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது ‘ஃபெடரல்’. தனித்தனியாக இருந்தவர்கள் உடன்பட்டுச் சேர்வது. அந்தப் பொருளுக்குக் கூட்டாட்சி கச்சிதம். இலங்கையில் சமஷ்டி என்பார்கள். 1949இல் தொடங்கிய தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலப் பெயரே ஃபெடரல் பார்ட்டிதான். அங்கே அது பிராந்தியத்துக்கு அதிகாரம் கேட்கும் சொல். அமெரிக்க அன்றாடப் பேச்சில் கதை தலைகீழ்: ஃபெடரல் என்றால் மாநிலத்துடையது அல்ல, வாஷிங்டனுடையது, அதாவது மத்திய அரசுடையது.

ஷெர்மன் மின்டனைப் பாருங்கள். இண்டியானா மாநிலத்து வழக்கறிஞர். 1935இல் செனட்டரானார், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்; பக்கத்து இருக்கையில் இன்னொரு புதுமுகம், ஹாரி ட்ரூமன். உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளைப் போட அதிபர் ரூஸ்வெல்ட் 1937இல் முயன்றபோது முழுமூச்சாக ஆதரித்தவர் மின்டன். 1940 தேர்தலில் தோற்றார். மறு ஆண்டு ரூஸ்வெல்ட் அவரைச் சிகாகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். இலினாய், இண்டியானா, விஸ்கான்சின் மூன்றுக்கும் அது பொது. ஆனால் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை. ஃபெடரல் என்பது இதைத்தான். 1949இல் அதிபர் ட்ரூமன் பழைய நண்பரை உச்ச நீதிமன்றத்துக்கே அனுப்பினார். அங்கே போன மின்டன், சட்டமன்றங்கள் இயற்றியதில் நீதிபதிகள் சும்மா கைவைக்கக் கூடாது என்ற பக்கம்! செனட் வாசனை போகவில்லை போலும்.

நம்மிடம் சொல் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் மாவட்ட நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஓர் ஏணி, மத்திக்குத் தனி ஏணி.

சரி, எதை எழுதலாம்? ‘ஒன்றிய நீதிபதி’ என்றால் தமிழ்நாட்டில் பஞ்சாயத்து ஒன்றியம் நினைவுக்கு வரும். ‘மத்திய அரசு நீதிபதி’ என்றால் அரசு ஊழியர் மாதிரி ஆகிவிடுகிறது. தனித்தமிழ்தான் வேண்டுமென்று ‘நடுவண் நடுவர்’ என்று எழுதினால் நாக்கு சுளுக்கும். என் ஓட்டு ‘நடுவண் நீதிபதி’க்கு. முதல் முறை வரும்போது மட்டும் ‘மாநில நீதிமன்ற அமைப்பில் சேராதவர்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும்.