பாதரசம், இதள், செலீனியம்: மீனில் சேரும் நஞ்சுக்கான சொற்கள்

பாதரசம் என்னும் சொல்லின் பிற்பாதியான ரசம், வடமொழியில் சாற்றையும் நீர்மத்தையும் குறிப்பதோடு இந்த உலோகத்தையே தனித்தும் குறிக்கும். சித்த மருத்துவத்தார் இதைச் சூதம் என்பர். தமிழ் அகராதிகள் இதள் என்னும் சொல்லையும் தருகின்றன. கிரேக்கர் ‘நீர்வெள்ளி’ என்று பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரின் இலத்தீன் வடிவமான ஹைட்ரார்ஜிரம் என்பதிலிருந்தே எச்ஜி (Hg) என்னும் வேதியியல் குறியீடு பிறந்தது. ரசம், நீர்வெள்ளி ஆகிய இரண்டும் கண்ணெதிரே உருண்டோடும் வெள்ளித் துளியைப் பார்த்து வைத்த பெயர்கள். மீனின் தசையில் சேர்வதோ அந்தத் துளியன்று.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிரைடன் நகரத்துக் காகித ஆலையைச் சார்ந்த குளோரின் உற்பத்திப் பிரிவிலிருந்து 1962 முதல் 1970 வரை ஏறத்தாழ 9 டன் பாதரசம் வாபிகூன் ஆற்றில் கலந்தது. ஆற்றடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசம் என்னும் சேர்மமாக மாற்றின. சிறு உயிரிகளைச் சிறு மீன்களும், அவற்றை வால்ஐ (walleye) என்னும் பெரிய மீன்களும் தின்னத் தின்ன, அதன் செறிவு படிப்படியாக ஏறியது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிராசி நாரோஸ் ஊரில் வாழும் அனிஷினாபே பழங்குடி மக்களுக்கு அந்த மீனே அன்றாட உணவு. மெத்தில் பாதரசம் கொழுப்பில் அல்லாமல் தசைப் புரதத்திலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொள்வதால், தோலை உரித்தாலும் கொழுப்பை அரிந்தெடுத்தாலும் வாணலியில் மொறுமொறுவென்று பொரித்தாலும் அது நீங்காது.

மெத்தில் என்பது மதுவையும் மரத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஆக்கப்பட்டது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வெப்பமானியில் இருந்த உலோகத்துக்குப் பாதரசம் என்னும் பெயர் ஊன்றிவிட்டது, அதை மாற்றத் தேவையில்லை. மீனிலுள்ள சேர்மத்துக்கு மட்டும் ‘மெத்தில் இதள்’ என்று எழுதுவதே பொருத்தம் என்பேன். ரசம் என்றதும் சோற்றில் ஊற்றுவதோ உருளும் துளியோ நினைவுக்கு வரும் நமக்கு, அந்தக் குழப்பம் இதள் என்னும் சொல்லில் இல்லை.

மீனில் சேரும் இன்னொரு தனிமமான செலீனியம், கிரேக்க நிலாத் தெய்வமான செலீனியின் பெயரால் அமைந்தது. 1817இல் சுவீடனில் இதைக் கண்டறிந்த வேதியியலாளர் பெர்சீலியஸ், புவியின் பெயர்கொண்ட டெலூரியம் என்னும் தனிமத்தை இது ஒத்திருந்ததால் நிலாவின் பெயரைச் சூட்டினார். ‘நிலாத் தனிமம்’ என்பது பொருள் விளக்கமாக நிற்கலாம். பெயராகச் செலீனியமே போதும். இதை நஞ்சு என்று ஒரே சொல்லில் பொருளெழுதுவதும் தவறு. சிறு அளவில் உடலுக்கு இன்றியமையாதது. மெத்தில் இதளை இறுகப் பற்றி அதன் கேட்டை ஓரளவு தணிக்கவும் வல்லது. அளவு மீறினால் நிலைமை வேறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பெலூஸ் ஏரியில், 1970களில் நிலக்கரிச் சாம்பல் கழிவுநீர் வழியே சேர்ந்த செலீனியம் தாய்மீனிலிருந்து முட்டைக்குச் சென்று, முதுகெலும்பு வளைந்தும் கண் பிதுங்கியும் குஞ்சுகளைப் பிறக்கச் செய்தது. அங்கிருந்த 20 வகை மீன்களில் பெரும்பாலானவை அற்றுப்போயின.