சைக்கிள்மீது கார் மோதினால்: முதல் நாளில் எழுதப்படும் காகிதங்கள்

கார் இடித்து விழுந்த சைக்கிள்காரரை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனதும் அங்கிருக்கும் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். வலியில் கிடப்பவரோ, கூட வந்தவரோ, சில சமயம் இடித்த காரின் டிரைவரோ ஏதோ ஒரு பதிலைச் சொல்கிறார்கள். அந்தப் பதில் அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் வக்கீல்களான நாங்கள் சொல்வது இதைத்தான். வருடங்கள் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுக்கும் தாளும் இதுதான். அதில் "சைக்கிளிலிருந்து தவறி விழுந்தார்" என்று எழுதியிருந்தால், கார் மோதியதே உண்மையா என்பதிலிருந்து எல்லாவற்றையும் நாங்கள் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பெரும்பாலும் காயம்பட்டவர்கள் தரப்பில்தான் நான் ஆஜராகிறேன். இரு சக்கர வாகனம், லாரி, பஸ் என்று எல்லா விபத்தும் வரும். சைக்கிளில் போய் அடிபட்டவர்களின் வழக்குக் கட்டைப் பிரிக்கும்போதுதான் காகிதம் மிகக் குறைவாக இருக்கும். சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகமோ இன்சூரன்ஸோ கிடையாது, ஓட்டுபவருக்கு லைசென்ஸும் தேவையில்லை. ஓட்டுகிறவர் யார் என்று பார்த்தால் இரவுக் காவலாளி, கொத்தனார், டீ விற்பவர், அரசு கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன் படிக்கப் போகும் பிள்ளை. 2022-இல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் தமிழ்நாடு இருந்தது: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். இந்தச் சாலைகளில் ஒரு தகடுகூட மறைவு இல்லாமல் போகிறவர்கள் இவர்கள். இவர்களுக்கு உள்ள உரிமை குறைவில்லை, ஆனால் அந்த உரிமையைக் காட்டும் ஆதாரம் முதல் ஒன்றிரண்டு நாட்களிலேயே கைநழுவிப் போய்விடுகிறது.

'தவறி விழுந்தார்' என்று ஏன் சொல்கிறார்கள்? பயம்தான் காரணம். போலீஸ் கேஸ் என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்ற நினைப்பு இன்னும் இருக்கிறது. அவசரச் சிகிச்சைக்குப் போலீஸ் நடைமுறைகளுக்காகக் காத்திருக்கக் கூடாது, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உடனே பார்த்தாக வேண்டும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, அந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஒரு உச்சவரம்பு வரை அரசே ஏற்கிறது. சரி, அப்படியென்றால் டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்? நடந்ததைச் சொல்லுங்கள். எந்த ஊர்ச் சாலை, எத்தனை மணி, எந்தப் பக்கமிருந்து கார் வந்தது, நம்பர் தெரிந்தால் நம்பர், தெரியாவிட்டால் நிறமும் வகையும். காயம்பட்டவர் மயக்கத்தில் இருந்தால் கூட இருப்பவர் சொல்லட்டும். இடித்தவரையே சொல்லவிடாதீர்கள். அவர் நல்லவராக, தானே தூக்கிவந்து சேர்த்தவராக இருந்தாலும் சரி.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் கோர்ட், ஸ்டேஷன் என்று அலையவேண்டி வரும் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, சாட்சியாக வருவது அவர் விருப்பம். 2016-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல் இது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவும் பாதுகாப்பு வந்துவிட்டது.

அடுத்தது போலீஸ் ஸ்டேஷன். இங்கே நான் அடிக்கடி பார்ப்பது சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு "கேஸ் போட்டாச்சு சார்" என்று சொல்லும் குடும்பங்களை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. வழக்குப் பதிவானது என்றால் குற்ற எண் இருக்கும், முதல் தகவல் அறிக்கை இருக்கும். 2024 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ நடந்த விபத்தென்றால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியமாக வண்டி ஓட்டியதற்கான 281-ஆம் பிரிவு, காயத்துக்கு 125, மரணத்துக்கு 106(1) போன்ற பிரிவுகள் அதில் இருக்கும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலமாக அனுப்ப வழி இருக்கிறது.

புகாரை யார் முதலில் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். சைக்கிள்காரர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது கார் ஓட்டியவரின் கூட வந்தவர் போய், "சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்" என்று எழுதிக் கொடுத்து, அதுவே முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான வழக்குகளை நடத்தியிருக்கிறேன். அதை மீறி வெல்ல முடியும், ஏனென்றால் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனாலும் அது மலையேறுவதுபோல்தான். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், இன்னொருவர் ஸ்டேஷனுக்குப் போகட்டும்.

சைக்கிளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், ரிப்பேரும் செய்துவிடாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். சைக்கிளுக்கு என்ன ஆனது என்பது பல வழக்குகளில் எங்கேயும் பதிவாவதே இல்லை. பின் சக்கரம் நெளிந்து, பின் மட்கார்டு உள்ளே அழுந்தியிருந்தால் பின்னாலிருந்துதான் இடித்திருக்கிறது என்று யாருக்கும் புரியும். 'குறுக்கே வந்தார்' என்ற கதை அங்கேயே நிற்காது. செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சாலையில் கிடக்கும் ஹெட்லைட் கண்ணாடி, பம்பர் துண்டு, டயர் தேய்த்த தடம் எல்லாவற்றையும் எடுங்கள். பக்கத்தில் பெட்ரோல் பங்க், நகைக்கடை, கல்யாண மண்டபம் ஏதாவது இருந்தால் அங்கே சிசிடிவி இருக்கும், ஆனால் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். உடனே போய்க் கேளுங்கள், விசாரணை அதிகாரியிடமும் எழுதிக் கொடுங்கள்.

இனி சமாதானம் பேசும் விஷயம். சாலை ஓரத்திலோ ஆஸ்பத்திரி வராண்டாவிலோ பத்தாயிரம், இருபதாயிரம் கையில் வைத்து, 'எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்' என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது ஊருக்கு ஊர் நடக்கிறது. அந்த நேரத்தில் மருந்து வாங்கப் பணமில்லாத குடும்பத்துக்கு அது பெரிய தொகை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டப்படி எவ்வளவு கிடைக்கக்கூடும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

38 வயது கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் வருமானம், மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். தவறு முழுக்கக் கார்க்காரர் பக்கம். கொத்தனார் இறந்துவிட்டால், உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகளின்படி கணக்கு இப்படிப் போகும். சொந்தமாக உழைப்பவர், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. அவரைச் சார்ந்தவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. வருடத்துக்கு 1,89,000. அந்த வயதுக்கு இதைப் பெருக்க வேண்டிய எண் 15. ஆக 28,35,000 ரூபாய், அதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கு என்று சில தொகைகளும் வட்டியும். சம்பளச் சீட்டு இல்லையே என்று சும்மா இருந்துவிட வேண்டாம். காய்கறி வியாபாரி ஒருவருக்கு, எந்தச் சம்பளச் சான்றும் இல்லாமலே, மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-இல் சையத் சாதிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்த விபத்து நடந்தது 2008-இல்.

உயிருக்கு ஆபத்தில்லாமல் கால் மட்டும் போனது என்றாலும் கணக்கு உண்டு. மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று கொடுக்கலாம், ஆனால் சாரத்தில் ஏறியே பிழைக்க வேண்டிய கொத்தனாருக்கு அந்தக் கால் போனால் வேலை மொத்தமும் போய்விடும். உடம்பு எவ்வளவு இழந்தது என்பது ஒன்று, பிழைப்பு எவ்வளவு இழந்தது என்பது வேறு என்று ராஜ்குமார் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலிடம் உங்கள் வேலை எப்படிப்பட்டது, தினமும் என்ன தூக்குகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள் என்று விரிவாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் போய் இழப்பீடு பாதியானவர்கள் உண்டு.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? சைக்கிளில் லைட் இல்லை, தவறான பக்கம் வந்தார், ஹெல்மெட் போடவில்லை. ஹெல்மெட் கட்டாயம் என்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது, சைக்கிளுக்கு அல்ல (போட்டுக்கொள்வது நல்லது, அது வேறு பேச்சு). சைக்கிள்காரருக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஆனால் உண்மையிலேயே இருட்டில், ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் வந்திருந்தால் தீர்ப்பாயம் ஒரு பகுதியைக் கழிக்கத்தான் செய்யும், நானே வாதாடித் தோற்றிருக்கிறேன். பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்ட அதிகம் செலவாகாது. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களும் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும் இதை இன்றைக்கே செய்யலாம். தவறு சைக்கிள்காரருடையதாகவே இருந்தாலும் வழி அடைபடவில்லை: அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்கலாம்.

நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்து சைக்கிள்காரர் விழுந்தால் அது விபத்து வழக்கில் வருமா என்று கேட்கிறார்கள். வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை, வண்டியைப் பயன்படுத்தியதால் நேர்ந்தது என்றால் போதும்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயம் வேண்டாம், வருவாய்த் துறையிடம் போக வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். இதுபற்றித் தெரியாததால் கேட்காமலே விட்டவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

காலக்கெடுவை மறந்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு சொல்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அந்த வாதங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம், தையல் பிரித்த கையோடு வக்கீலைப் பாருங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. சென்னையில் அடிபட்டவர் ராமநாதபுரத்துக்காரர் என்றால் தன் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று "கேஸ் நாங்க பார்த்துக்கறோம், ஜெயிச்சா இத்தனை பர்சன்ட்" என்று பேசுகிறவர்களிடம் ஒரிஜினல் பில்களைக் கொடுக்காதீர்கள். அப்படிச் சதவீதம் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். பெண்கள், பட்டியல் சாதியினர், தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். அந்த அலுவலகம் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும்.

கார் ஓட்டுபவர்களிடமும் பேச வேண்டும். இடித்துவிட்டு ஓடிவிட்டவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, கூட்டம் அடித்துவிடும் என்ற பயம்தான். அந்தப் பயத்தைச் சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்ற 134-ஆம் பிரிவிலேயே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் விலக்கு இருக்கிறது. அப்படியான நிலையில் 108-க்குப் போன் செய்துவிட்டு நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் போய்விட வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால், நான் மேலே போட்ட அந்த 28 லட்சம் கணக்கைக் காரின் உரிமையாளர்தான் தன் வீட்டையோ நிலத்தையோ விற்றுக் கட்ட வேண்டியிருக்கும், நிறைவேற்று மனு போட்டு அப்படி வசூலித்த வழக்குகளில் நானே ஆஜராகியிருக்கிறேன். சைக்கிளைத் தாண்டும்போது ஒரு ஆள் கையை நீட்டினாலும் படாத அளவு இடம் விட்டுத் தாண்டுங்கள். பின்னாலேயே வந்து ஹாரனை அழுத்தாதீர்கள், திடுக்கிட்டுத் திரும்பினால் அவர் ஹேண்டில் உங்கள் பக்கம்தான் சாயும். காரை விட்டு இறங்கும்போது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள், அப்போது உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண்ணில் பட்டுவிடும்.