கக்குவான் இருமல்: வலியில்லா ஊசிக்குள் என்ன இருக்கிறது?

ஒன்றரை மாதக் குழந்தையைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "வலிக்கிற ஊசியா, வலியில்லாத ஊசியா?" என்று கேட்கிறார்கள். ஊசி முனை இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் தொண்டை அடைப்பான், ரணஜன்னி மருந்துகளும் கிட்டத்தட்ட ஒன்றே. வேறுபடுவது கக்குவான் இருமலுக்கான பகுதி. வலிக்கிற ஊசியில் கொல்லப்பட்ட கிருமி முழுசாக இருக்கிறது. மற்றதில் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள் மட்டும், அதிகம் போனால் ஐந்து. விலை கூடினால் தரமும் கூடும் என்று நினைப்போம். இந்த விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

கிருமியின் பெயர் போர்டடெல்லா பெர்டுசிஸ். 1906இல் பிரசல்ஸ் நகரில் ஜூல் போர்டேயும் ஆக்டேவ் ஜாங்கூவும் இதைத் தனியே வளர்த்துக் காட்டினார்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்கள் உண்டு. கிருமி அவற்றைப் பற்றிக்கொண்டு நச்சுகளை உமிழும். நுண்மயிர்கள் செயலிழந்ததும் சளி தேங்கி, விடாத இருமல் வருகிறது. பெரிய குழந்தைகள் இருமி முடித்து 'ஊப்' என்று மூச்சை இழுப்பார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு அந்தச் சத்தம்கூட வராமல் போகலாம். மூச்சு நின்று உடம்பு நீலம் பாரிக்கும்.

1930களில் அமெரிக்காவின் கிராண்ட் ரேபிட்ஸ் ஊரில் பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், வேலை முடிந்த மாலைகளில் வீடு வீடாகப் போய், இருமும் குழந்தைகளின் வாய்க்கு நேரே தட்டைப் பிடித்துக் கிருமி சேகரித்தார்கள். அதைக் கொன்று அவர்கள் செய்த முழுக்கிருமி ஊசி நன்றாகவே வேலை செய்தது. தொல்லை என்னவென்றால், கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற பொருளும் ஊசியோடு உடம்புக்குள் போகிறது. காய்ச்சல், தொடை வீக்கம், இரவெல்லாம் அழுகை எல்லாவற்றுக்கும் முக்கியக் காரணம் அதுதான்.

ஜப்பானில் 1974-75 குளிர்காலத்தில் முத்தடுப்பூசி போட்டபின் இரு குழந்தைகள் இறந்ததாகச் செய்தி வந்ததும் பெற்றோர் பயந்து விலகினார்கள். ஊசி போட்டுக்கொள்வோர் சுமார் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினர். 1979இல் 13,000க்கும் மேற்பட்டோருக்கு நோய், 41 சாவுகள். மக்கள் நம்பிப் போட்டுக்கொள்ளும் ஊசி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. யூஜி சாத்தோவும் ஹிரோகோ சாத்தோவும் கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து புரதங்களை மட்டும் பிரித்துச் செய்த ஊசி 1981இல் அங்கே வழக்கத்துக்கு வந்தது.

ஆயிரக்கணக்கான புரதங்களில் எதை எடுப்பது? நோயை உண்டாக்குபவை, கிருமியின் வெளியே தெரிபவை, இந்த இரண்டையும் பார்த்தார்கள். ஒட்டிக்கொள்ள உதவும் எஃப்எச்ஏ, பெர்டாக்டின், ஃபிம்ப்ரியா ஆகியவை தேறின. எல்லாவற்றுக்கும் மேலே பெர்டுசிஸ் நச்சு. வெள்ளணுக்களை ரத்தத்தில் தாறுமாறாகப் பெருகவைத்துக் கைக்குழந்தைகளைக் கொல்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஆனால் நச்சை அப்படியே ஊசியில் ஏற்ற முடியாதே. ஃபார்மலின் போன்ற ரசாயனத்தில் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்தார்கள். நச்சு செத்தது, உருவமும் கொஞ்சம் சிதைந்தது. சிதைந்த உருவத்தைப் பார்த்துப் பழகி உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் அசலை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை.

இதற்கு இத்தாலியின் சியனா நகரில் மரியாகிராசியா பீட்சா, ரினோ ராப்புவோலி குழுவினர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. நச்சின் செயல்படும் துண்டில் 9ஆவது இடத்திலும் 129ஆவது இடத்திலும் இருக்கும் அமினோ அமிலங்களை மட்டும் மரபணுவிலேயே மாற்றினார்கள். கிருமி தானாகவே பல் பிடுங்கிய பாம்பைத் தயாரித்துக் கொடுத்தது: உருவம் அப்படியே, விஷம் இல்லை. 1989இல் வெளியான வேலை இது. இந்த வகை நச்சில் 5 மைக்ரோகிராம் மட்டும் சேர்த்த ஊசிக்குத் தாய்லாந்து 2016இல் அனுமதி தந்தது.

1990களில் அமெரிக்கா புரத ஊசிக்கு மாறியது. காய்ச்சலும் அழுகையும் குறைந்தன. ஆனால் 2010இல் கலிபோர்னியாவில் 9,000க்கும் மேற்பட்டோருக்குக் கக்குவான். 10 கைக்குழந்தைகள் இறந்தன. 2012இல் நாடு முழுக்க 48,000ஐத் தாண்டியது. முறையாக ஊசி போட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கும் வந்தது. கடைசி ஊசிக்குப்பின் ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே போவது கணக்கெடுப்பில் தெரிந்தது.

பபூன் குரங்குகளில் நடந்த சோதனை இன்னொன்றையும் காட்டியது. புரத ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி ஐந்து வாரம் வரை குடியிருந்து, பக்கத்துக் குரங்குக்கும் தொற்றியது. முழுக்கிருமி ஊசி போட்டவை மூன்று வாரத்துக்குள் விரட்டிவிட்டன. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. காய்ச்சலைக் கிளப்பிய அதே எண்டோடாக்சின்தான், "வந்திருப்பது பாக்டீரியா" என்று உடம்புக்குத் தகவல் சொல்லி, சளிச்சவ்வில் காவல் நிற்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைத் தயார்செய்ய உதவியது. அதை நீக்கி, எதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் அலுமினிய உப்போடு புரதத்தை மட்டும் கொடுத்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைய உருவாகும். மூக்கில் காவல் குறைவு. போதாததற்கு, கிருமி பெர்டாக்டின் தயாரிப்பதையே நிறுத்தத் தொடங்கியது. அமெரிக்காவில் இப்போது பரவும் வகைகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. முழுக்கிருமி ஊசி காட்டும் ஆயிரக்கணக்கான புரதங்களில் ஒன்று போனால் உடம்புக்குத் தெரியாது. புரத ஊசி காட்டும் மூன்றிலோ ஐந்திலோ ஒன்று போனால் தெரியும்.

மூக்கில் காவல் வேண்டுமென்றால் மூக்கிலேயே மருந்தைக் கொடுத்தால் என்ன? பிரான்சின் லீல் நகரில் கமீல் லோஷ்ட் குழு உருவாக்கிய பிபிஇசட்இ1, வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி; மூக்கில் விடும் மருந்து. அது மனிதச் சோதனையில் இருக்கிறது.

இந்திய அரசுத் திட்டம் இன்றும் முழுக்கிருமி ஊசியைத்தான் நம்புகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14ஆவது வாரங்களில் இலவசமாகப் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது அதுதான். பணமில்லாதவர்களுக்கான மட்டமான ஊசி என்று அதை ஒதுக்குவது சரியல்ல. எந்த ஊசியானாலும் கைக்குழந்தையைச் சாவிலிருந்து காக்கும். போடாமல் விடுவதுதான் ஆபத்து.

புரத ஊசிக்கு நிகரில்லாத இடம் ஒன்று உண்டு, கர்ப்பிணித் தாய். அவளிடம் தேவைப்படுவது ரத்தத்தில் நிறைய எதிர்ப்பொருள். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், முதல் ஊசி வரையிலான ஆறு வாரங்களைக் காக்கும். பிரிட்டன் 2012 முதல் இதைச் செய்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் என்ற, கக்குவான் புரதமும் சேர்ந்த ஊசியைப் போடச் சொல்கிறது. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் போடும் டிடி ஊசியில் (ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கானது) கக்குவான் பகுதி இன்னும் சேரவில்லை.